எட்மன்டன்ல ஏசி மாட்ட 6,800 டாலரா? தொழில் தெரிஞ்சவங்க கொஞ்சம் வாங்க

உப்புக்காத்து | பெரியபட்டினம் | மே 9, இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். நான் ஏசி மெக்கானிக். ஏர்வாடியில இருந்து உச்சிப்புளி வரைக்கும் வண்டியில ஏணியக் கட்டிக்கிட்டுத் திரியிறவன், 14 வருசமா இதே பொழப்பு. ஆனா நம்ம வீட்டுலயே வந்திருக்கிற ஏசி கேள்விக்கு எனக்குப் பதில் தெரியல.

தங்கச்சி கனடாவுல எட்மன்டன்ல இருக்கா. ஆகஸ்ட் மொத வாரம் பிரசவம், அம்மா ஜூலையில போறாங்க. போன கோடையில மாடி ரூம்ல படுக்கவே முடியலைன்னு, இந்த வருசம் ஏசி போட்ரலாம்னு மாப்பிள்ளை ஒரு கம்பெனியக் கூப்பிட்டிருக்கார். வந்தவன் வீட்டை ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, 3 டன் சென்ட்ரல் ஏசி, மாட்டுற கூலியோட 6,800 டாலர், வரி தனின்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டான். கனடா டாலர் 62 ரூபாய்னு வச்சாலும் நாலு லட்சத்து இருபதாயிரம்.

வீட்டு வாட்சப் குரூப்புல ரெண்டு நாளா இதே பேச்சு. "பனி கொட்டுற ஊர்ல ஏசி எதுக்கு"ன்னு பெரியப்பா. "நம்ம பய மெக்கானிக்தானே, அவனுக்கு டிக்கெட் போட்டு அனுப்புங்க, அப்பவும் மிச்சம் வரும்"னு அத்தை.

என் கணக்கு இது. இங்க 1.5 டன் 3 ஸ்டார் இன்வெர்ட்டர் 36,000ல இருந்து 40,000. மாட்டுறதுக்கு நான் வாங்குறது 1,500. பெட்டியோட வர்ற பைப்பு பத்தலைன்னா மீட்டருக்கு 900. ஸ்டாண்டு 800. செவத்துல ஓட்டை, டிரெயின் பைப்பு எல்லாம் சேத்து ஒரு 500. நானும் கையாளும் காலையில 10 மணிக்கு ஏறுனா மத்தியானச் சோத்துக்கு இறங்கிருவோம். அங்க எப்படி நாலு லட்சம்? ஏமாத்துறானா, இல்ல எனக்குத்தான் புரியலையா?

வேப்பமரம் | ஏர்வாடி | மே 9, இரவு 11:05

கேக்கவே சிரிப்பா இருக்கு. அங்க கோடையில 25 டிகிரி. நமக்கு அது மார்கழி. சன்னலைத் திறந்து வச்சுட்டுப் படுக்கச் சொல்லுங்க.

மைனஸ்முப்பது | எட்மன்டன், சொந்த ஊர் தங்கச்சிமடம் | மே 10, காலை 9:18

அண்ணே, நான் உங்க தங்கச்சி ஊர்லதான் 11 வருசமா இருக்கேன். 6,800 கொஞ்சம் கூடதான். ஆனா ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன்.

மொதல்ல வேப்பமரம் அண்ணனுக்கு. சாதாரண நாள்ல 23, 25தான், நீங்க சொல்றது சரி. ஆனா வருசா வருசம் 30க்கு மேல சில நாள் போகும். ஜூன் மாசம் இங்க சூரியன் காலையில 5 மணிக்கு வந்தா ராத்திரி 10 மணிக்குத்தான் போகும். 17 மணி நேர வெயில். வீடு முழுக்கக் குளிருக்காகக் கட்டுன வீடு. செவத்துக்குள்ள பஞ்சு, மொட்டை மாடி கிடையாது, ஓட்டுக்கு அடியிலயும் முழங்கால் உசரத்துக்குப் பஞ்சு. உள்ள வந்த சூடு வெளிய போகாது. ராத்திரி 11 மணிக்கு வெளிய 18, மாடி ரூம்ல 29. இதை நானே தெர்மாமீட்டர் வச்சுப் பாத்திருக்கேன்.

சன்னலைத் திறக்கலாம். காட்டுத்தீப் புகை இல்லாத நாளா இருந்தா. 2023 கோடையில கனடாவுல எரிஞ்ச காடு ஒன்றரைக் கோடி ஹெக்டேருக்கு மேல. மே மாசமே எங்க ஊர் வானம் சுக்குக்காப்பி நிறத்துல இருந்துச்சு. சன்னலைச் சாத்திட்டு உள்ளேயே வேகணும், இல்லைன்னா திறந்துட்டு இருமணும். கைக்குழந்தை வரப்போற வீட்டுல இது சாதாரண விசயம் இல்ல.

இப்ப உங்க கேள்வி. நம்மூர் மாதிரி செவத்துல ஒரு பெட்டி, வெளிய ஒரு பெட்டின்னு நினைக்காதீங்க. இங்க பெரும்பாலான வீட்டுல தரைக்குக் கீழ ஒரு தளம் இருக்கும், பேஸ்மென்ட். அதுல கேஸ்ல எரியிற பர்னஸ் நிக்கும். அதோட ஊதுவான் சூடான காத்தைத் தகரக் குழாய் வழியா எல்லா ரூமுக்கும் தள்ளும். குளிர்காலத்துக்கு அது இல்லாம உயிரோட இருக்க முடியாது, அதனால குழாய் ஏற்கெனவே வீடு முழுக்க ஓடுது. ஏசி போடுறதுன்னா, அந்த பர்னஸ் தலையில குளிர வைக்கிற காயில் ஒண்ணை உக்கார வைக்கணும். தகரத்தை வெட்டி, காயிலுக்குக் கூடு செஞ்சு, பேஸ்மென்ட் செவத்தைக் குடைஞ்சு, செம்புக் குழாயை வெளிய கொண்டுபோய், தரையில பலகை போட்டு கண்டென்ஸரை, அதான் வெளிப்பெட்டியை, வைக்கணும். இங்க குளிர்ல மண்ணு உறைஞ்சு மேல எழும்பும், வசந்தத்துல இறங்கும். தரையைச் சரியாப் பதப்படுத்தலைன்னா ரெண்டாவது வருசம் பெட்டி கோணலா நிக்கும்.

அப்புறம் 240 வோல்ட்டுக்குத் தனி லைன், வெளிய கரன்டைத் துண்டிக்க ஒரு டிஸ்கனெக்ட் பெட்டி, பெர்மிட். என் வீட்டு எலக்ட்ரிக் பேனல்ல இடம் இல்லாம எலக்ட்ரீசியனுக்கு மட்டும் 700 டாலர் போச்சு. லைசென்ஸ் உள்ள ரெண்டு பேர் ஒரு நாள் முழுக்க. ஒரு ஆளை வீட்டுக்கு வந்து பாக்கச் சொன்னாலே மணிக்கு 120, 140னு மீட்டர் ஓடும். பெட்டி விலையைத் தனியாப் பாத்தா மொத்தத்துல பாதிகூட இருக்காது. நம்மூர்ல பெட்டிக்குக் காசு, இங்க கைக்குக் காசு.

உப்புக்காத்து | மே 10, காலை 9:51

தம்பி, இது வேற உலகமா இருக்கு. சரி, என் மாதிரி ஒருத்தன் வந்து மாட்டினா?

மைனஸ்முப்பது | மே 10, காலை 10:02

ஏசிக்குள்ள ஓடுற கேஸைத் தொடணும்னாலே இங்க ஓ.டி.பி. கார்டுன்னு ஒரு சான்று வேணும். கேஸைக் காத்துல திறந்து விட்டா குத்தம். அத்தைகிட்ட டிக்கெட் வேணாம்னு சொல்லிருங்க.

தோஹாரிட்டர்ன் | கீழக்கரை | மே 10, மதியம் 2:30

தம்பி, நான் கத்தார்ல 22 வருசம் இதே வேலை. நீங்க யாரும் கேக்காத ஒண்ணைக் கேக்குறேன். 3 டன் எதுக்கு? வீடு எத்தனை சதுர அடி?

உப்புக்காத்து | மே 10, மதியம் 2:44

1,450 அடி, காக்கா (கீழக்கரைப் பக்கம் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்). கீழ்வீடு மாடி ரெண்டும் சேத்து. பேஸ்மென்ட் தனி.

தோஹாரிட்டர்ன் | மே 10, மதியம் 3:12

1,450 அடிக்கு தோஹாவுல 3 டன், 4 டன் போடுவோம். வெளிய 46 டிகிரி, ராத்திரியிலயும் 35. அந்தக் குளிர் ஊர்ல பஞ்சு வச்ச வீட்டுக்கு எதுக்கு இத்தனை? ஒரு டன்னுங்கிறது மணிக்கு 12,000 பி.டி.யு. (சூட்டை அளக்குற அளவு) சூட்டை வெளிய எடுக்கிறது. அந்தக் காலத்துல ஒரு டன் ஐஸ் ஒரு நாள்ல உருகுறப்ப எத்தனை சூட்டை இழுக்குமோ, அதுல இருந்து வந்த அளவு. அத்தனை சூடு அந்த வீட்டுக்குள்ள வருதான்னு யாரு கணக்குப் போட்டது? "ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு"ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. கண்ணால பாத்து டன் சொல்றவனை நம்பாதீங்க. (நானும் அப்படிச் சொன்னவன்தான், அதனால தெரியும்.)

இன்னொண்ணு. ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 400 சி.எஃப்.எம்., அதாவது நிமிசத்துக்கு 400 கன அடி காத்து காயில் மேல ஓடணும். 3 டன்னுக்கு 1,200. அந்தத் தகரக் குழாய் பர்னஸுக்காகப் போட்டது, அத்தனை காத்து போகுமான்னு பாக்கணும். போகலைன்னா காயில் உறைஞ்சு ஐஸ் கட்டி நிக்கும். பெரிய மெஷின் சீக்கிரம் குளிர வச்சுட்டு நின்னுரும், மறுபடி ஓடும், மறுபடி நிக்கும். கம்ப்ரஸர் ஆயுசு அதுலயே போயிரும்.

மைனஸ்முப்பது | மே 10, இரவு 8:40

காக்கா சொன்னது நூத்துக்கு நூறு. இங்க அதுக்கு எஃப்280னு ஒரு கணக்கு முறை இருக்கு. சன்னல் எந்தப் பக்கம், கண்ணாடி எத்தனை அடுக்கு, பஞ்சு எத்தனை கனம் எல்லாம் போட்டு டன் சொல்லுவாங்க. தங்கச்சியை அதைக் கேக்கச் சொல்லுங்க. என் வீடு 1,600 அடி, எனக்கு 2 டன்தான் வந்துச்சு. குளிரே போதும் போதும்னு ஆகுது.

நான் அக்டோபர்ல வாங்குனேன், 4,900 ஆச்சு. கோடை முடிஞ்சதும் அவங்களுக்கு வேலை இருக்காது, விலை இறங்கும். அதுல ஒரு சிக்கல், குளிர்ல மாட்டலாமே தவிர ஓட்டிப் பாக்க முடியாது. வெளிய 15 டிகிரிக்குக் கீழ இருந்தா கேஸ் அளவு சரியாக் காட்டாது, கம்ப்ரஸர் எண்ணெயும் கெட்டிப்படும். மே மாசம் திரும்பி வந்து ஓட்டிக் காட்டிட்டுப் போனாங்க. உங்களுக்கு அக்டோபர் வரைக்கும் காத்திருக்க நேரம் இல்ல. ஆனா ஜூன் கடைசிக்குள்ள முடிச்சிருங்க. வெக்கை வந்துருச்சுன்னா ஆள் வர மூணு வாரம் ஆகும், பேரமும் பேச முடியாது.

கொண்டல் | லீட்ஸ், சொந்த ஊர் மண்டபம் | மே 11, அதிகாலை 3:15

நைட் டூட்டி இடைவேளையில எழுதுறேன். வேப்பமரம் அண்ணே, நீங்க சிரிச்சதைத்தான் எங்க வார்டுல எல்லாரும் 2022 ஜூலைக்கு முன்னாடி சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அந்த மாசம் 19ந்தேதி இங்கிலாந்துல 40.3 தொட்டுச்சு. அதுக்கு முந்தின வருசம் கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துல லிட்டன்ங்கிற ஊர்ல 49.6. அந்த வெக்கையில மாகாணத்துல 619 பேர் செத்தாங்கன்னு அரசாங்கக் கணக்கு. பெரும்பாலானவங்க வயசானவங்க, வீட்டுக்குள்ளேயே. வெளியில வேலை செஞ்சு சாகல, கட்டில்ல படுத்தபடியே.

சூட்டுல உடம்பு கெட்டுப்போறது டிகிரியால மட்டும் இல்ல. ராத்திரியும் இறங்கலைன்னா உடம்புக்கு ஓய்வு கிடைக்காது. நமக்கு மொட்டை மாடி இருக்கு, கயித்துக் கட்டில் இருக்கு, தலைக்கு மேல ஃபேன் இருக்கு. இங்க பல வீட்டுல ஃபேன் மாட்டக் கொக்கியே கிடையாது.

உப்புக்காத்து அண்ணே, அவ்வளவு செலவு முடியாதுன்னா உருட்டிக்கிட்டுப் போற போர்ட்டபிள் ஏசி ஒண்ணு வாங்கலாம். பெரிய குழாயைச் சன்னல்ல சொருகணும். நான் அதைத்தான் வச்சிருக்கேன்.

மைனஸ்முப்பது | மே 11, காலை 7:30

அக்கா, இங்க 500, 600 டாலருக்குக் கிடைக்கும். மாடி ரூமுக்கு மட்டும்னா சமாளிக்கலாம்.

தோஹாரிட்டர்ன் | மே 11, காலை 11:20

வாங்கலாம், ஆனா எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சு வாங்குங்க. ஒத்தைக் குழாய் மெஷின் ரூம்ல இருக்கிற காத்தையே இழுத்து, அதுல சூட்டை ஏத்தி வெளிய தள்ளுது. ரூம்ல இருந்து காத்து போனா அந்த இடத்துக்குக் காத்து எங்கிருந்து வரும்? கதவிடுக்கு, சன்னலிடுக்கு வழியா வெளிய இருக்கிற சூடான காத்துதான் வரும். புகை நாளா இருந்தா புகையும் சேந்து வரும். ஓட்டைக் குடத்துல தண்ணி புடிக்கிற கதை. ரெண்டு குழாய் வச்சது பரவாயில்ல. அட்டையில 14,000 பி.டி.யு.ன்னு பெருசாப் போட்டிருப்பான், பக்கத்துல சின்ன எழுத்துல இன்னொரு எண் குறைச்சலா இருக்கும். சின்ன எழுத்துதான் நிசம்.

வேப்பமரம் | மே 11, மதியம் 1:00

சரிப்பா, நான் சிரிச்சது தப்புதான். புகை விசயம் தெரியாது. ஆனா நம்ம ஊர் மாதிரி சன்னல் ஏசி மாட்டுனா சோலி முடிஞ்சதே, 25,000 ரூபாயில?

மைனஸ்முப்பது | மே 11, மதியம் 1:35

இங்க சன்னல்ல ஒரு கைப்பிடி இருக்கும், சுத்துனா கதவு மாதிரி வெளிப்பக்கமாத் திறக்கும். பெட்டியை எங்க உக்கார வைக்கிறது? பழைய வீட்டுல மேல தூக்குற சன்னல் இருந்தா உண்டு.

தோஹாரிட்டர்ன் | மே 11, மாலை 5:50

இன்னொரு வழியையும் கேட்டுப் பாருங்க. ஏசியும் ஹீட் பம்பும் ஒரே மெஷின்தான். நாலு வழி வால்வு ஒண்ணு கூட இருக்கும், அவ்வளவுதான். கோடையில உள்ள இருக்கிற சூட்டை வெளிய போடும், குளிர்ல திருப்பி ஓடி வெளிய இருக்கிற சூட்டை உள்ள போடும். குளிர்ல வெளிய ஏது சூடுன்னு கேக்காதீங்க, மைனஸ் 10லயும் மெஷினுக்குள்ள ஓடுற கேஸ் அதை விடக் குளிர்ச்சியா இருந்தா சூடு ஏறத்தான் செய்யும்.

மைனஸ்முப்பது | மே 11, இரவு 9:10

நான் அதை விசாரிச்சேன் காக்கா. குளிர் நாட்டுக்குன்னே செஞ்ச ஹீட் பம்பு மைனஸ் 25 வரைக்கும் ஓடும். ஆனா குளிர் ஏற ஏறத் தர்ற சூடு குறையும், நமக்குத் தேவைப்படுற சூடு கூடும். ரெண்டும் எதிரெதிரா ஓடுது. எங்க ஊர்ல மைனஸ் 30 வர்றதால பர்னஸைக் கழட்ட முடியாது, ரெண்டையும் வச்சுக்கணும். எனக்கு 13,500 டாலர் சொன்னாங்க. 2021ல மத்திய அரசு 5,000 டாலர் வரைக்கும் மானியம் குடுத்துச்சு, இப்ப அது புதுசா யாருக்கும் இல்ல. எங்க மாகாணம் ஆல்பர்ட்டாவுல எரிக்கிற கேஸ் விலை கம்மி, கரன்ட் விலை கூட. கணக்குப் போட்டேன், முதல் திரும்பி வராது. வான்கூவர் பக்கம்னா யோசிக்காம அதையே போடலாம், அங்க குளிரும் மிதம்.

மீட்டர்பாக்ஸ் | ராமநாதபுரம் | மே 12, காலை 6:05

அனைவருக்கும் காலை வணக்கம். மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஏசி மாட்டுகிற செலவைப் பேசுகிறீர்கள், ஓட்டுகிற செலவை யாரும் பேசவில்லை. நம் ஊர்க் கணக்கைச் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

கடற்கரையில் ஒரு 1.5 டன் ஏசி இரவு 8 மணி நேரம் ஓடினால் சுமார் 7 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 420. வீட்டின் மற்ற உபயோகம் 250 என்றால் 670 ஆகிறது. இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம் எப்படியும் உண்டு. ஆனால் 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையிலான மலிவு விலை போய்விடும், அந்த நூறு யூனிட்டுக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்ட வேண்டும். 500-க்கு மேல் உள்ளதற்கு யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல். 499-க்கும் 501-க்கும் நடுவே இரண்டு யூனிட்தான், பில்லில் வித்தியாசம் இருநூறு ரூபாய்க்கு மேல்.

2020 முதல் புது ஏசி எல்லாம் 24 டிகிரியில் தொடங்குகிற மாதிரிதான் வருகின்றன. அதை 18-க்கு இறக்கிவிட்டுப் போர்வை போர்த்திக்கொள்கிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

மைனஸ்முப்பது | மே 12, காலை 8:20

ஐயா, எனக்குக் கோடை முழுக்கச் சேத்து 120 டாலர் கூட வரும். அவ்வளவுதான். வருசத்துல 400 மணி நேரம் ஓடுனா பெரிசு.

இதைச் சொன்னதும் ஒரு கணக்குத் தோணுது. 5,400 டாலர் செலவுன்னு வச்சுக்குவோம், 15 வருசம் உழைக்கும், வருசத்துக்கு 400 மணி. மொத்தம் 6,000 மணி. ஒரு மணி நேரக் குளிருக்கு வாங்கி மாட்டுன காசு மட்டும் 90 சென்ட், நம்ம காசுல 56 ரூபாய். கரன்ட் அது தனி.

உப்புக்காத்து | மே 12, காலை 8:55

நம்மூருக்குப் போட்டுப் பாத்தேன். 44,000 ரூபாய், ராத்திரிக்கு 8 மணி, வருசத்துக்கு 250 ராத்திரி. அஞ்சு வருசத்துல 10,000 மணி. மணிக்கு 4 ரூபாய் 40 காசு.

அஞ்சு வருசம்னு ஏன் போட்டேன்னு கேப்பீங்க. கடல்ல இருந்து 300 மீட்டர்ல இருக்கிற வீட்டுல அதுக்கு மேல நான் பாத்தது கம்மி.

சுக்கான் | பாம்பன் | மே 12, காலை 9:30

அஞ்சா? எங்க வீட்டுல மூணு வருசத்துல வெளிப்பெட்டி தகரம் அப்பளமா நொறுங்கிருச்சு. கச்சான் காத்து அடிக்கிற பக்கமே மாட்டிட்டுப் போயிட்டான். எங்க பாலத்துக்கே துரு தாங்கலைன்னு 2022 டிசம்பர்ல ரயிலை நிறுத்துனாங்க. உலகத்துலயே துரு புடிக்கிற எடத்துல மியாமிக்கு அடுத்து நாங்கதான்னு பெருமையாச் சொல்லிக்குவோம். 2025ல திறந்த புதுப் பாலத்துக்கு எவர்சில்வர் கம்பி, தனிப் பெயிண்டுன்னு போட்டிருக்காங்க. எங்க ஏசிக்கு யாரு போடுறது?

உப்புக்காத்து | மே 12, காலை 10:40

கேள்வி தங்கச்சி வீட்டைப் பத்தி, ஆனா இதைச் சொல்லாமப் போக மனசு வரல.

போன வாரம் கடலோரம் ஒரு வீட்டுல "குளிரவே இல்ல"ன்னு கூப்பிட்டாங்க. வெளிப்பெட்டியோட பின்பக்கம் அலுமினியத் தகடை விரலால தொட்டேன், வெள்ளை மாவா உதிருது. செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டிக்கிட்டு இருக்கிற எடத்துல உப்புத் தண்ணி பட்டா பேட்டரி மாதிரிதான். அலுமினியம் தன்னைத் தின்னுக் குடுத்துட்டு செம்பைக் காப்பாத்தும். தகடு போனா சூடு எங்க போகும்? கம்ப்ரஸர் மூச்சு முட்டி ஓடும், கரன்ட் பில்லு எகிறும், கடைசியில நின்னு போகும். ஸ்டாண்டு போல்ட்டுல ஸ்பேனரை வச்சேன், தலை கையோட வந்துருச்சு. நாற்பது கிலோ பெட்டி ரெண்டு துருப்பிடிச்ச கம்பியில தொங்கிக்கிட்டு இருந்துச்சு, கீழ புள்ளைங்க விளையாடுது.

வெளிப்பெட்டியைக் கடல்காத்து நேரா படாத மாதிரி, கட்டடத்தோட மறைவுப் பக்கம் மாட்டுங்க. 800 ரூபாய் இரும்பு ஸ்டாண்டு வேணாம், 304 எவர்சில்வர் ஸ்டாண்டு கேளுங்க, போல்ட்டும் அதுலயே. கோட்டிங் போட்ட காயில் உள்ள மாடல் எடுங்க. பதினஞ்சு நாளைக்கு ஒருக்க நல்ல தண்ணியில வெளிக்காயிலைக் கழுவுங்க. நல்ல தண்ணின்னா நல்ல தண்ணி. போர்த் தண்ணியில கழுவி உப்பு மேல உப்பு ஏத்துன வீட்டை எல்லாம் பாத்திருக்கேன். குடம் குடமா விலைக்கு வாங்குற ஊர்ல ஏசிக்குத் தண்ணி ஊத்துறதான்னு கோவப்படுவீங்க. டிரெயின் பைப்புக்குக் கீழ ஒரு குடத்தை வைங்க. நம்ம காத்துல இருக்கிற ஈரத்துக்கு ஒரு ராத்திரிக்கு ஒரு குடம் சொட்டிரும், அதுல உப்பே கிடையாது. அதையே எடுத்து ஊத்துங்க.

சுக்கான் | மே 12, காலை 10:58

இத்தனை நாளா அதைத் தெருவுல விட்டுக்கிட்டு இருந்தேனே.

தோஹாரிட்டர்ன் | மே 12, மதியம் 12:15

தம்பி நல்லாச் சொன்னீங்க. கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்குறேன். நீங்க வேக்கம் போடுறீங்களா, அதாவது கேஸைத் திறக்குறதுக்கு முன்னாடி குழாய்க்குள்ள இருக்கிற காத்தையும் ஈரத்தையும் பம்பு வச்சு உறிஞ்சி எடுக்குறீங்களா?

உப்புக்காத்து | மே 12, மதியம் 12:50

மாட்டிவிட்டுட்டீங்களே காக்கா. மூணு வருசம் முன்னாடி வரைக்கும் இல்ல. ஒரு பக்கம் கேஸைக் கொஞ்சம் திறந்து விட்டு, உள்ள இருக்கிற காத்தை மறுபக்கமாத் தள்ளிட்டு நட்டை இறுக்கிருவோம். எனக்குச் சொல்லிக் குடுத்தவரும் அப்படித்தான். இப்ப பம்பு இருக்கு, பத்து நிமிசம் ஓட விடுவேன். ஆனா உள்ள அழுத்தம் எத்தனை இறங்குச்சுன்னு பாக்குற மைக்ரான் மீட்டர் இல்ல.

தோஹாரிட்டர்ன் | மே 12, மதியம் 1:05

அப்ப பம்பு ஓடுற சத்தத்தைக் கேட்டுட்டு இறங்கிட்டு வர்றீங்க. நம்ம ஊர்க் காத்துல ஈரம் எவ்வளவு, அது குழாய்க்குள்ள தங்குனா எண்ணெயோட சேந்து புளிச்சுப் போய் கம்ப்ரஸரை உள்ளுக்குள்ள தின்னும். 500 மைக்ரானுக்குக் கீழ போகணும், பம்பை நிறுத்துன பிறகும் ஏறாம நிக்கணும். உப்பு வெளியில இருந்து தின்னுது, ஈரம் உள்ள இருந்து தின்னுது. அஞ்சு வருசம்னு கடலை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. இப்ப வர்ற ஆர்32 கேஸ் லேசாத் தீப்புடிக்கிற சாதி வேற, அதைத் திறந்து விட்டு விளையாடாதீங்க.

உப்புக்காத்து | ஜூன் 3, இரவு 9:20

முடிவு சொல்லலைன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க.

மாப்பிள்ளை இன்னும் ரெண்டு கம்பெனியக் கூப்பிட்டார். எஃப்280 கணக்கு கேட்டதும் மொத கம்பெனி "அதெல்லாம் தேவையில்ல"ன்னு சொல்லிட்டான். ரெண்டாவது 2 டன், 5,600. மூணாவது ஆள் ரெண்டு மணி நேரம் இருந்து சன்னலை எல்லாம் அளந்துட்டு அவனும் 2 டன்தான் சொன்னான், 5,150. அந்த மாகாணத்துல வரி 5 சதவீதம்தானாம், சேத்து 5,407 டாலர். மூணு லட்சத்து முப்பத்தஞ்சாயிரம். பெரியப்பா இன்னும் குரூப்புல பேசல.

கொண்டல் | ஜூன் 4, அதிகாலை 4:02

நல்ல முடிவு. புகை நாள்ல பர்னஸ் ஃபில்டரை அடிக்கடி மாத்தச் சொல்லுங்க. பச்சைக்குழந்தை இருக்கிற ரூம்ல காத்து நேரா மேல படாம, காத்து வர்ற குழாய் வாயைத் திருப்பி வைக்கச் சொல்லுங்க.

மைனஸ்முப்பது | ஜூன் 4, காலை 8:15

குளிர்காலம் வந்ததும் வெளிப்பெட்டியைப் பிளாஸ்டிக் போட்டு இறுக்கிக் கட்டிரப் போறாங்க, வேணாம்னு சொல்லுங்க. ஈரம் உள்ளேயே நிக்கும், எலி குடும்பம் நடத்தும். மேல மட்டும் ஒரு பலகை போட்டா போதும். பிரேக்கரை அமத்தி வச்சிருந்தா, வசந்தத்துல ஓட்டுறதுக்கு ஒரு நாள் முன்னாடியே போட்டு வைக்கணும், கம்ப்ரஸர் அடி சூடாகட்டும்.

உப்புக்காத்து | ஜூன் 24, இரவு 11:30

நேத்து மாட்டிட்டாங்க. தங்கச்சி வீடியோ கால்ல போனைப் பேஸ்மென்ட் படிக்கட்டுல சாத்தி வச்சுட்டுப் போயிட்டா, நான் மொத்தத்தையும் உக்காந்து பாத்தேன். பொண்டாட்டி "கிரிக்கெட்டா"ன்னு கேட்டா.

ஒரு ஆளு, கையாளா ஒரு சின்னப் பொண்ணு. பர்னஸ் மேல தகரத்தை வெட்டுனதுல கோடு பிசகல. குழாயை ஊதிப் பத்த வைக்கும்போது உள்ள நைட்ரஜன் ஓட விடுறாங்க, செம்பு உள்ளுக்குள்ள கருகாம இருக்க. அப்புறம் நைட்ரஜனையே அழுத்தி ஏத்தி அரை மணி நேரம் சும்மா உக்காந்திருந்தாங்க. சும்மா. முள்ளு இறங்குதான்னு பாத்துக்கிட்டு. அதுக்கப்புறம் வேக்கம். அந்தப் பொண்ணு மீட்டரைக் கேமராவுக்கு நேரா காட்டுச்சு, 380. பம்பை நிறுத்திட்டு மறுபடி பத்து நிமிசம் உக்காந்தாங்க. காலையில 8 மணிக்கு வந்தவங்க சாயந்தரம் 4 மணிக்குப் போனாங்க. அதுல ரெண்டு மணி நேரம் ஒண்ணுமே செய்யாம மீட்டரைப் பாத்துக்கிட்டு இருந்த நேரம். அந்த நேரத்துக்கும் சேத்துத்தான் காசு வாங்குறாங்க.

தோஹாரிட்டர்ன் | ஜூன் 25, காலை 6:40

அந்த ரெண்டு மணி நேரம்தான் தம்பி வேலை.

உப்புக்காத்து | ஜூலை 19, இரவு 10:05

அம்மா போய்ச் சேந்துட்டாங்க. வெளிய 31, வீட்டுக்குள்ள 24. "குளிரு நல்லாத்தான் இருக்கு, தலைக்கு மேல ஃபேன் சுத்தலைன்னா தூக்கம் வரல"ன்னு சொன்னாங்க. மாப்பிள்ளை டேபிள் ஃபேன் ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்கார்.

மைக்ரான் மீட்டர் வாங்கிட்டேன், 6,500 ரூபாய். நேத்து ஏர்வாடியில ஒரு வீட்டுல புது ஏசி. 304 ஸ்டாண்டு, கூலி 2,200னு சொன்னேன். "போன வாரம் பக்கத்து வீட்டுக்கு 1,500க்குத்தானே மாட்டுனீங்க"ன்னு கேட்டார். ஒரு மணி நேரம் கூட ஆகும், அதுக்குத்தான்னேன். "நீங்க சும்மா உக்காந்திருக்கிறதுக்கு நான் 700 ரூபாய் குடுக்கணுமா"ன்னாரு. கடைசியில 1,800க்கு ஒத்துக்கிட்டார்.

தோஹாரிட்டர்ன் | ஜூலை 19, இரவு 10:20

எத்தனையில நின்னுச்சு?

உப்புக்காத்து | ஜூலை 19, இரவு 10:22

மொத தடவை 900ல நின்னுக்கிட்டு இறங்கவே இல்ல காக்கா. ஒரு நட்டுல கசிவு. இதுக்கு முன்னாடின்னா அப்படியே விட்டுட்டு வந்திருப்பேன். இறுக்கிட்டு மறுபடி போட்டேன், 420. வீட்டுக்காரர் நாற்காலியப் பக்கத்துல இழுத்துப் போட்டு அவரும் உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தார்.

சுக்கான் | ஜூலை 20, காலை 7:10

2,200 நான் தர்றேன். பாம்பனுக்கு என்னைக்கு வர்றீங்க?